1/5 ஆர்.சி. காரை பெட்ரோலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றும் கிட்: மவுண்டுக்கு மட்டும் காசு கொடுங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரம் இருப்பவர்கள் மேற்கொண்டு படியுங்கள். 1/5 அளவு (நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கு) ரிமோட் ரோடு காரின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மோட்டாரை உட்கார வைப்பதற்காக இங்கே ஜெர்மனியில் ஒரு சிறிய பட்டறை விற்கும் கிட் இது. அதில் இருக்கும் அலுமினிய மோட்டார் மவுண்ட் அருமையான சாமான். அதோடு சேர்த்து நம் தலையில் கட்டும் பேட்டரி தட்டு, வயர் செட், ஒரு பக்கக் குறிப்புத் தாள் எல்லாம் சுமார் ரகம், ஒன்றிரண்டு ஆபத்தும்கூட. கடையின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரி கிட் விற்கும் இன்னும் சிலரின் படங்களைப் பார்த்தேன், கிட்டத்தட்ட எல்லாருமே இதே தட்டையும் இதே வயரையும்தான் போடுகிறார்கள், அதனால் பெயரைவிட என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

என் கார் எஃப்.ஜி. ஸ்போர்ட்ஸ்லைன், பின்சக்கர ஓட்டம், 530 மி.மீ. வீல்பேஸ். எஃப்.ஜி. மாடல்ஸ்போர்ட் என்பது ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வின்டர்பாக் என்ற சிற்றூரிலிருந்து வந்த பெயர், 1/5 என்றாலே இங்கே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். உள்ளே இருந்தது ஜெனோவா ஜி230, 22.5 சி.சி. டூ ஸ்ட்ரோக், லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். நல்ல எஞ்சின், அதன் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. பிரச்சினை சத்தம். இந்த நாட்டில் குடியிருப்புப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் மெஷினைக்கூட ஓட்டக் கூடாது, ஆர்.சி. டிராக் எல்லாம் ஏதாவது ஒரு ஊரை ஒட்டித்தான் இருக்கிறது, ஆகவே பெட்ரோல் காருக்கு மதிய ஓய்வு நேரத்தில் தடை, பல இடங்களில் ஞாயிறும் தடை. வேலைக்குப் போகிறவனுக்குக் கையில் இருப்பதே ஞாயிறுதான். மோட்டார் போட்ட காருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சுற்றுச்சூழல், எதிர்காலம் என்றெல்லாம் நான் எதையும் யோசிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கார் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

"பெட்ரோல் காரைப் போய் இப்படிக் கெடுத்துட்டீங்களே அண்ணா" என்று சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி வருத்தப்பட்டான். அவன் வருத்தம் புரிகிறது. அந்த மணமும் சத்தமும்தான் வேண்டும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, மவுண்ட். 10 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு, எஞ்சின் இருந்த அதே போல்ட் துளைகளில் நேராக உட்காருகிறது, சேஸியில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. மோட்டாரைப் பிடிக்கும் நான்கு ஸ்க்ரூக்களுக்கும் நீள்துளை கொடுத்திருக்கிறார்கள், பினியனை, அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சிறிய பல்சக்கரத்தை, முன்பின் நகர்த்த அது போதும். நான் போட்ட மோட்டார் ஹாபிவிங் 56113. பெயரிலேயே அளவு இருக்கிறது: 56 மி.மீ. விட்டம், 113 மி.மீ. நீளம். ஏறக்குறைய ஒரு கிலோ எடை. இவ்வளவு நீளமான ஒரு இரும்புக் கட்டியை முகப்பில் நான்கு ஸ்க்ரூ மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், கார் கெர்ப் (டிராக் ஓரத்து மேடு) மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் ஆடும். அந்த ஆட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு இருந்தாலே போதும், பினியனுக்கும் அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கும் நடுவே இடைவெளி மாறி, பிளாஸ்டிக் ஸ்பர் பல் சீவிக்கொண்டு போய்விடும். இந்தப் பட்டறைக்காரர் அதைப் புரிந்துகொண்டு மோட்டாரின் வாலைப் பிடிக்க ஒரு வளையமும், அதைச் சேஸியோடு கட்ட ஒரு தாங்கியும் வைத்திருக்கிறார். வளையம் இரண்டு பாதியாக வருகிறது, உள்ளே மெல்லிய ரப்பர் பட்டை. முகப்பு ஸ்க்ரூவை முதலில் லேசாக இறுக்கி, வளையத்தைப் போட்டு, பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தைச் சுற்றி எடுத்து இடைவெளி பார்த்து, அப்புறம் எல்லாவற்றையும் திரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) வைத்து இறுக்கினால் அசையவே மாட்டேன் என்கிறது. சில வாரம் ஓட்டிய பிறகு கழற்றிப் பார்த்தேன், பல்லில் தேய்மானம் முழு அகலத்துக்கும் சீராக இருந்தது. இந்த ஒரு பாகத்துக்காகவே கடைக்காரருக்கு ஒரு கும்பிடு.

எந்தக் கிட் வாங்கினாலும் முதலில் இந்த வால் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். படத்தில் மோட்டாரின் பின்பக்கம் அந்தரத்தில் தெரிந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது பினியன். கிட்டோடு ஒரே ஒரு பினியன்தான் தருகிறார்கள், அது எட்டு செல் பேட்டரிக்குக் கொஞ்சம் பெரியது. கணக்கு எளிது. மோட்டார் 800 கே.வி., அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 800 சுற்று. எட்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் 29.6 வோல்ட், பெருக்கினால் 23,680 சுற்று. பெட்ரோல் எஞ்சினோ நேர்பாதையின் முடிவில் பதினைந்தாயிரத்தை ஒட்டித்தான் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கான கியர் விகிதத்தையே வைத்துக்கொண்டு எட்டு செல்லைப் போட்டால், காகிதத்தில் வேகம் ஒன்றரை மடங்கு, நடைமுறையில் மோட்டார் அந்த இழுவையில் திணறிச் சூடேறும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஆறு செல்லுக்கு இறங்குவது: 22.2 வோல்ட், 17,760 சுற்று, பழைய கியருக்கு ஏறத்தாழ ஒத்துப்போகும். இன்னொன்று, எட்டு செல்லையே வைத்துக்கொண்டு பினியனைச் சிறிதாக்குவது. எனக்கு இரண்டாவதுதான் சரி. 2,000 வாட் வேண்டுமென்றால் ஆறு செல்லில் 90 ஆம்பியர் ஓட வேண்டும், எட்டு செல்லில் 68 போதும். வயரிலும் சுருளிலும் வரும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், ஆறு செல்லில் அந்தச் சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடுதல். மோட்டாருக்குள் இருப்பது நியோடிமியம் காந்தம், அளவுக்கு மேல் சூடானால் வலு போய்விடும், ஆறிய பிறகும் திரும்பி வராது. ஆகவே கிட்டில் வந்த பினியனை டப்பாவிலேயே விட்டுவிட்டு, இரண்டு பல் குறைவான ஸ்டீல் பினியனைத் தனியாக வாங்கிப் போட்டேன். தண்டு 8 மி.மீ., பல்லின் மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) உங்கள் ஸ்பர் கியருக்கு ஒத்துப்போக வேண்டும். இதைக் குறிப்புத் தாளில் நாலு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

இப்போது பிரேக். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் இதுதான். குறிப்புத் தாளில் பிரேக் பற்றி இருப்பது ஒரே வாக்கியம்: பிரேக் சர்வோவை (பிரேக்கை இழுக்கும் சிறிய மோட்டார் பெட்டி) அகற்றிவிடலாம், பிரேக் வேலையை ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பார்த்துக்கொள்ளும். இது சிறிய காருக்குச் சரி. 1/10 நான்கு சக்கர ஓட்டக் காரில் மோட்டார் பிடித்தால் நான்கு சக்கரமும் பிடிக்கும். என் கார் பின்சக்கர ஓட்டம், பத்து கிலோ எடை. மோட்டார் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பிரேக் போடும்போது பாரம் முழுக்க முன்னால் சாய்கிறது, பின்டயரில் பிடிமானம் குறைகிறது, அந்த நேரம் பார்த்துப் பின்சக்கரத்தை மட்டும் பிடித்தால் கார் நின்ற இடத்திலேயே பம்பரம் விடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பத்து கிலோ பம்பரம் யார் காலில் போய் முட்டும் என்று சொல்ல முடியாது. எஃப்.ஜி. காரில் முன்சக்கரத்துக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்ததே, அதைக் கழற்றிப் பெட்டியில் போடச் சொல்வது என்ன யோசனை?

நான் செய்தது இதுதான், இதையே பரிந்துரைக்கிறேன். ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் இயக்கிக்கொண்டிருந்த சர்வோ அப்படியே இருக்கட்டும், இனி அது பிரேக் சர்வோ. ஈ.எஸ்.சி.யை இரண்டாவது சேனலில் போட்டு, அந்தச் சர்வோவை மூன்றாவது சேனலில் போட்டு, ரிமோட்டில் பிரேக் மிக்ஸிங் வைத்துவிட்டால் டிரிக்கரை முன்னால் தள்ளும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். ஈ.எஸ்.சி.யில் பிரேக் அளவை ஆகக் குறைந்த நிலையில் வையுங்கள், டிராக் பிரேக் (drag brake, டிரிக்கரை விட்டதும் தானாகப் பிடிப்பது) பூச்சியம், ரிவர்ஸ் அணைத்திருக்க வேண்டும். முன்டிஸ்க்தான் முக்கால்வாசி வேலையைச் செய்ய வேண்டும். முதலில் முன்பிரேக்கை மட்டும் வைத்து ஓட்டி, கார் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு மோட்டார் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பின்பக்கம் நெளியத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். இப்படி அமைத்த பிறகு பெட்ரோலில் இருந்ததைவிட நிதானமாக நிற்கிறது, ஏனென்றால் கிளட்ச் விட்டுப்பிடிக்கும் அந்த ஒரு கணத் தடுமாற்றம் இப்போது இல்லை.

ஃபெயில்சேஃபையும், அதாவது ரிமோட் தொடர்பு அறுந்தால் காரைத் தானாக நிறுத்தும் அமைப்பையும், சேர்த்துச் சோதியுங்கள். காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கவும் வேண்டும், முன்பிரேக் பிடிக்கவும் வேண்டும். பெட்ரோல் காருக்குக் கில் ஸ்விட்ச் வைத்திருந்தோமே, அதன் இடத்தில் இப்போது இருப்பது இது ஒன்றுதான்.

பேட்டரி தட்டு: மெல்லிய பிளாஸ்டிக், வெல்க்ரோ பட்டை. நான்கு செல் பேட்டரி இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து தொடர் இணைப்பில் எட்டு செல் ஆகிறது, இடம் ஒதுக்கிய விதத்தில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு பேட்டரியும் அரைக் கிலோவுக்கு மேல் கனம். கெர்ப்பில் ஒரு நல்ல அடி விழுந்ததும் வலப்பக்கத் தட்டின் மூலை விரிந்துவிட்டது. லிப்போ நழுவித் தரையில் உரசினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. 2 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்து, ஓரத்தில் ரப்பர் ஒட்டி, புதுத் தட்டு செய்துகொண்டேன், ஒரு மாலை வேலை. காரை நான்கு தராசில் நிறுத்தி இடமும் வலமும் எடை பார்த்தேன், பெட்ரோல் காலத்தைவிடச் சமமாக வந்தது. டேங்க் காலியாகக் காலியாக எடை மாறுவதும் போயிற்று, அரைமணி நேர ஓட்டத்தில் 700 மில்லி பெட்ரோல் கரைவது காரின் நடத்தையில் தெரியத்தான் செய்யும்.

வயர் செட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வயர் மெலிது. கனெக்டர் சாதாரண எக்ஸ்.டி.90. ஈ.எஸ்.சி.க்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும், எட்டு செல் பேட்டரியைச் செருகும் அந்த நொடியில் அவை காலியாக இருப்பதால் கரண்ட் பாய்ந்து பட்டென்று பொறி தெறிக்கும். ஒவ்வொரு முறையும் இப்படித் தெறித்தால் கனெக்டரின் முனை கறுத்து, அரிக்கப்பட்டு, தொடர்பு கெட்டுப்போகும், அப்புறம் அது ஓட்டத்தின் நடுவில் சூடேறி உருகும். இதற்காகவே பொறி தடுக்கும் மின்தடை உள்ளே வைத்த எக்ஸ்.டி.90 எஸ் வகை வருகிறது, பச்சை வளையம் போட்டிருப்பார்கள், விலை வித்தியாசம் சில்லறைதான். எட்டு செல் கிட்டில் அதைப் போடாமல் விற்பதற்கு ஒரு காரணமும் இருக்க முடியாது. தடிமனான வயரும் இந்தக் கனெக்டரும் வாங்கி நீங்களே சால்டர் செய்யுங்கள், ஆனால் சிறிய சால்டரிங் அயர்ன் போதாது, இந்தக் கனத்துக்கு 80 வாட்டாவது வேண்டும், இல்லையென்றால் ஈயம் மேலே மட்டும் பூசிக்கொண்டு உள்ளே பிடிக்காது.

பேட்டரி எது என்று கேட்பீர்கள். நான்கு செல் 6,500 எம்.ஏ.எச். எடுத்தேன். ஒன்று 96 வாட் மணி, இரண்டும் சேர்ந்து 192. காலியாகும் வரை ஓட்டக் கூடாது, எண்பது சதவீதத்தோடு நிறுத்தினால் 150 சொச்சம் கைக்கு வரும், சராசரியாக 600 வாட் இழுத்தால் கால் மணி நேரம். பெட்ரோலில் ஒரு டேங்குக்கு முப்பது, நாற்பது நிமிடம் ஓடியதோடு ஒப்பிட்டால் இது ஏமாற்றம்தான், மறைக்க ஒன்றுமில்லை. பெட்ரோல் தீர்ந்தால் ஒரு நிமிடத்தில் ஊற்றிக்கொண்டு போகலாம், பேட்டரி தீர்ந்தால் ஒரு மணி நேரம் சார்ஜ். மூன்று ஜோடியாவது இல்லாமல் டிராக்குக்குப் போவது வீண். தொடர் இணைப்பில் போடும் இரண்டும் ஒரே நாளில் வாங்கிய, ஒரே வகையாக இருக்கட்டும், பழசும் புதுசும் கலந்தால் பழசு முதலில் செத்து மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டம் முடிந்து வீட்டில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட். இன்னொன்று, ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: விமானத்தில் 100 வாட் மணிக்கு உட்பட்ட பேட்டரியைக் கைப்பையில் எடுத்துப் போகலாம், முனையை மூடி ஒட்டியிருக்க வேண்டும், அதற்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன் அனுமதி. 6,500 எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓட்டிப் பார்த்தால் எப்படி இருக்கிறது? முதலில் பயமாக இருக்கிறது. பெட்ரோலில் கிளட்ச் பிடிக்கும்வரை சக்கரம் அசையாது, பிடித்த பிறகும் எஞ்சின் சுற்று ஏறியபின்தான் வேகம் வரும். மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது, டிரிக்கரைத் தொட்டதும் முழு முறுக்கும் டிஃபரன்ஷியலில் இறங்குகிறது. ஈ.எஸ்.சி.யில் பஞ்ச் அளவை (புறப்படும்போது எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பது) கீழே இறக்கி, ரிமோட்டில் த்ராட்டில் வளைவையும் மென்மையாக்கிய பிறகே கார் ஓட்டும்படி ஆனது. இல்லாவிட்டால் வளைவிலிருந்து வெளியே வரும்போதெல்லாம் வால் முந்திக்கொள்ளும். நேர்பாதையில் பெட்ரோலைவிட வேகம், வளைவு முடிந்து வேகமெடுப்பதில் ரொம்பவே முன்னால். நடை வேகத்தில் மட்டும் கொஞ்சம் திக்குகிறது, இந்த மோட்டாரில் சென்சார் இல்லாததால் வருவது, பிட்டிலிருந்து வெளியே வரும்போது தெரியும், டிராக்கில் தெரியாது.

சத்தம் அறவே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஸ்டீல் பினியன் பாடும், டயர் கத்தும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நடைப்பயிற்சி போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதிர்வு போனதுதான் எதிர்பாராத லாபம், முன்பு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு ஸ்க்ரூ ஸ்க்ரூவாக இறுக்கிக்கொண்டிருப்பேன், இப்போது மேலோட்டமாக ஒரு பார்வை போதும்.

சூடு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எஞ்சினுக்குச் சொந்த விசிறி உண்டு, மோட்டாருக்குக் கிடையாது. பாடி ஷெல்லை மூடிவிட்டால் உள்ளே காற்றே வராது. கிட்டில் விசிறிக்கு இடமும் இல்லை. வளையத்தின் மேல் இரண்டு சிறிய விசிறி கட்டி, முன்கண்ணாடியில் ஒரு வழி, பின்கண்ணாடியில் ஒரு வழி வெட்டினேன். ஓட்டம் முடிந்ததும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் மோட்டாரைப் பாருங்கள், 80 டிகிரியைத் தாண்டினால் பினியனில் இன்னும் ஒரு பல் குறையுங்கள்.

காசுக் கணக்கு. மவுண்டும் வளையமும் மட்டும் 140 யூரோ. தட்டு, வயர், பினியன் சேர்ந்த முழு கிட் 310. அதாவது மேற்கொண்டு 170 யூரோவுக்கு விரிகிற தட்டு, மெலிந்த வயர், பயன்படாத பினியன். அதே காசில் நல்ல வயர், கனெக்டர், சரியான பினியன், அலுமினியத் தகடு, விசிறி எல்லாம் வாங்கிவிட்டு மிச்சமும் வரும். மோட்டாரும் ஹாபிவிங் மேக்ஸ்5 ஈ.எஸ்.சி.யும் சேர்ந்து நானூறை ஒட்டி, பேட்டரி ஜோடிக்கு 180, அதில் மூன்று. எட்டு செல்லுக்குத் தாக்குப்பிடிக்கும் சார்ஜர் தனி. கழற்றிய ஜெனோவாவை விற்றால் கொஞ்சம் திரும்பி வரும், நல்ல நிலையில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. கையில் கார் இல்லாதவர்கள் பெட்ரோல் கார் வாங்கி மாற்ற வேண்டாம், அது வீண் செலவு. எஃப்.ஜி.யே 510இ என்று நான்கு சக்கர ஓட்டத்தில் மின் மாடல் விட்டிருக்கிறது, பழைய சந்தையில் கிடைத்தால் அதை எடுப்பது மேல். ஏற்கெனவே காரும் உதிரிபாகமும் குவித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த மாற்றம் லாபம்.

கடைக்காரரிடம் மின்னஞ்சலில் பிரேக் பற்றியும் தட்டு பற்றியும் எழுதினேன். பதில் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தட்டுக்கு மாற்று அனுப்பினார், அதுவும் அதே பிளாஸ்டிக். பிரேக் கேள்விக்கு, பெரும்பாலானவர்கள் காரைக் காலியான பார்க்கிங்கில்தான் ஓட்டுகிறார்கள் என்று ஒரு பதில். மவுண்டை வாங்குபவர்கள் காரின் வருடத்தையும் எஞ்சின் போல்ட் துளைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் அளந்து படத்தோடு அனுப்பிக் கேட்டுவிட்டு ஆர்டர் போடுங்கள், பழைய சேஸிகளுக்கு வேறு தகடு வைத்திருக்கிறார், ஆனால் இணையப் பக்கத்தில் அதைக் காட்டுவதில்லை.